‘வாரோம்’ என்றால் எத்தனை மணிக்கு?

ஏழு மணி ரயிலுக்கு மூன்றரை மணிக்கே ஸ்டேஷனில் போய் உட்காருகிற ஆள் நான். என் மனைவி இதைக் குறையாகச் சொல்வாள். நான் நிறையாகச் சொல்வேன். கோவை ஜங்ஷனில் முதலாவது பிளாட்பாரத்து நாய்கள் என்னைக் கண்டால் எழுந்திருப்பதுகூட இல்லை, அவ்வளவு பழக்கம். கல்யாணத்தன்று முகூர்த்தத்துக்கு நாலு மணி நேரம் முன்னாலேயே நான் மணவறையில் போய் உட்கார்ந்துவிட்டதாகவும், பூ அலங்காரம் செய்ய வந்தவர் ‘சித்த அக்கட்டால நகருங்க தம்பி, மாப்பிள்ளை உக்கார்ற எடம்’ என்று என்னையே விரட்டியதாகவும் மாமனார் வீட்டில் இன்னமும் ஒரு கதை ஓடுகிறது. அது சுத்தப் பொய். மூன்று மணி நேரம்தான் முன்னால் போனேன்.

அந்தக் கல்யாணத்துக்கு இருபத்தைந்து வருடம் ஆனதற்காக, பெங்களூரில் இருக்கும் மகள் எங்கள் இரண்டு பேரையும் ஒரு கப்பலில் ஏற்றிவிட்டாள். கிரேக்க நாட்டுக் கடலில் ஒரு வாரம். கப்பல் தினம் ஒரு தீவில் நிற்கும்; இறங்கிப் பார்த்துவிட்டு ஏறிக்கொள்ளலாம். மூன்றாம் நாள் எரிமலைத் தீவு. காலண்டர்களிலும் பல் டாக்டர் கிளினிக் சுவர்களிலும் வெள்ளை வீடும் நீலக் கோபுரமுமாக இருக்குமே, அந்தச் சாண்டோரினி. அங்கே கப்பல்காரர்களே பஸ் வைத்துக் கூட்டிப் போகிறார்கள். மகள் அதை வேண்டாம் என்றுவிட்டாள். “அப்பா, உங்க ரெண்டு பேருக்கு மட்டும் தனி வேன், தனி டிரைவர், அரை நாள். கூட்டத்தோட ஓட வேண்டியதில்லை. நீங்க வெச்சதுதான் டைம்.”

நான் வைத்ததுதான் டைம்! பெற்ற பெண்ணே தகப்பனை இப்படிப் புரிந்துகொள்ளாமல் இருந்தால் என்ன செய்வது?

அன்று காலை கப்பல் அறையின் கதவுக்கடியில் ஒரு தாளைத் தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள். கரையிலிருந்து கப்பலுக்குக் கடைசிப் படகு நாலரை மணி. கப்பலின் சொந்தப் பஸ்ஸில் போகிறவர்கள் வரத் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியாக ஏற்பாடு செய்துகொண்டு போகிறவர்களுக்காகக் காத்திருக்காது; அவர்கள் அடுத்த துறைமுகத்துக்குத் தாங்களே வந்து சேர்ந்துகொள்ள வேண்டும். மூன்று தடவை படித்தேன். நாலாம் தடவை சத்தமாகப் படித்தேன்.

“அதுக்கென்னுங்க?” என்றாள் மனைவி, தலை வாரிக்கொண்டே. “நாம மூணு மணிக்கே வந்தரப் போறோம்.”

“வராட்டி?”

“வராட்டி அங்கயே ஒரு பம்பு ஒர்க்‌ஷாப் போட்டுக்குங்க.”

சிங்காநல்லூரில் நான் நடத்துவது அதுதான். பம்புக்கு உதிரி பாகம் செய்கிறேன். தண்ணீர் இருக்கிற இடத்தில்தான் என் பிழைப்பு. அந்தத் தீவில் ஆறு கிடையாது என்பது அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது.

பாஸ்போர்ட்டுகளைத் துணிப்பையில் போட்டுப் பனியனுக்குள் தொங்கவிட்டுக்கொண்டேன். கைக்கடிகாரத்தைப் பதினைந்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்தேன். இது மனைவிக்குத் தெரியும் என்பதால் அவள் எப்போதும் பதினைந்தைக் கழித்துக்கொள்வாள். அவள் கழிப்பாள் என்பது எனக்குத் தெரியும் என்பதால் இன்னொரு பத்து நிமிடம் தள்ளினேன். இதன் பலனாக அன்று முழுக்க உண்மையான மணி என்ன என்பது எனக்கே தெரியாமல் போய், செல்போனைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

கப்பல் நடுக்கடலில் நின்றது. படகில் கரைக்கு வந்தோம். கரை என்றால் ஒரு பாறைச் சுவரின் அடிவாரம். ஊர் அந்தச் சுவரின் உச்சியில். மேலே போக ரோப் கார். “பழனி மாதிரியே இருக்குதுங்க,” என்று மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர் அவளைப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று தானும் ஒரு தடவை போட்டுக்கொண்டார்.

உச்சியில் எங்கள் டிரைவராக ஓர் அம்மா பெயர்ப் பலகையோடு நின்றிருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். குட்டை முடி, கறுப்புக் கண்ணாடி, எங்கள் பக்கத்து மில் சூப்பர்வைசர் போல் இடுப்பில் ஒரு கை. பலகையில் என் அப்பாவின் பெயர் இருந்தது. நம் ஊர் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைக் கடைசியில் போட்டு அதைக் குடும்பப் பெயராக்கிவிடுகிறார்கள் அல்லவா, அதன்படி. அப்பா போய்ப் பத்து வருடம் ஆகிறது. மிஸ்டர் என்று சேர்த்து அந்த அம்மா உரக்கக் கூப்பிட்டதும் என் மனைவி சட்டென்று முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நின்றாள். மாமனார் பெயரை அவள் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. அன்று முழுக்க அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் முந்தானை தானாகத் தோளுக்கு ஏறியது. அவளுடைய பாஸ்போர்ட்டில் கடைசியில் இருப்பது என் பெயர். அதனால் அந்த அம்மா அவளை மிஸஸ் சேர்த்து என் பெயரால் கூப்பிட்டார். அதாவது எங்கள் குடும்பத்தில் எல்லோரும் ஒரு படி மேலே நகர்ந்துவிட்டோம்.

“நீங்க அக்கா,” என்று மனைவி ஒரே போடாகப் போட்டாள். “நான் தங்கச்சி. பேரெல்லாம் வேண்டாமுங்க.” அதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த அம்மாவுக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது ஆங்கிலம். அவருடையது கிரேக்க ஆங்கிலம், என்னுடையது அவிநாசி ரோடு ஆங்கிலம். மனைவி தமிழிலேயே பேசினாள். அவளுடையதுதான் அந்த அம்மாவுக்கு நன்றாகப் புரிந்தது.

வேன் கிளம்பியதும் கடலின் நடுவே கரிந்துபோன தோசை மாதிரி கிடந்த ஒரு கறுப்புத் திட்டைக் காட்டி, “அதுதான் எரிமலை,” என்றார் அக்கா.

“அணைஞ்சு போச்சுங்களா?” என்றேன்.

“இல்லை, தூங்குகிறது.”

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. தூங்குகிறவர்கள் எந்நேரமும் எழுந்திருப்பார்கள். “மறுபடி எப்போ வெடிக்கும்?”

அவர் வேன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “சாப்பாட்டுக்கு முன்னால் வெடிக்காது.”

மனைவி சிரித்த சிரிப்பில் வேன் குலுங்கியது. நான் மணி பார்த்தேன்.

முதலில் தீவிலேயே உயரமான குன்றுக்குப் போனோம். சுற்றிலும் கடல் தெரிந்தது. எனக்கு அந்தக் கடலில் எங்கள் கப்பல் மட்டும்தான் தெரிந்தது. நின்ற இடத்தில் நிற்கிறதா, நங்கூரத்தை எடுக்கிறார்களா என்று பார்த்தபடி இருந்தேன். இறங்கும் வழியில், முன்பு எரிமலைச் சாம்பலை வெட்டி சிமெண்டுக்கு அனுப்பினார்கள் என்று ஒரு பழைய பள்ளத்தைக் காட்டினார் அக்கா. வெட்டிய சுவர், வெள்ளைத் தூசி, துருப்பிடித்த இரும்பு. “நம்ம மதுக்கரை சிமெண்டு பேக்டரிக்கு வாரதுக்கு இவ்வளவு தூரம் கப்பல்ல வந்திருக்கோம் பாருங்க,” என்றாள் மனைவி.

அதற்கு அடுத்த வளைவில்தான் அவள் “நிறுத்துங்க, நிறுத்துங்க!” என்று கத்தினாள். நான் எரிமலை எழுந்துவிட்டது என்று நினைத்துப் பனியனுக்குள் இருந்த பாஸ்போர்ட்டைப் பிடித்தேன்.

சாலையோரம் ஒரு வயல். வயல் என்று சொல்வதற்கே வாய் வராது. சாம்பலும் சிறு கற்களுமாய் ஒரு பொட்டல். அதில் வரிசையாய், கோழிக்குஞ்சுகளைக் கவிழ்த்து மூடும் கொடாப்பு மாதிரி, பச்சைக் கூடைகள் தரையோடு தரையாகக் கிடந்தன.

“திராட்சை,” என்றார் அக்கா. “இங்கே காற்று பலமாக அடிக்கும். அதனால் பந்தல் போடுவதில்லை. கொடியையே கூடையாகப் பின்னி விடுவோம். பழம் உள்ளே பத்திரமாக இருக்கும்.”

மனைவி கோபிசெட்டிபாளையத்துக்காரி. வாய்க்கால் தண்ணீர், நெல், வாழை, தென்னை. நானோ பல்லடத்துக்கு அக்கட்டால, போர்வெல் பூமி. கல்யாணமான நாளிலிருந்து அவள் எங்கள் காட்டை ‘காடு’ என்று ஒத்துக்கொண்டதே இல்லை. அதனால் அவள் இறங்கிப் போய்க் குனிந்து மண்ணை அள்ளி, விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்: “உங்க ஊரு மண்ணு இதுக்குத் தேவலாமுங்க.” இருபத்தைந்து வருடத்தில் எங்கள் ஊருக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

வயலில் குனிந்து இலை கிள்ளிக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்தார். அக்காவின் அண்ணனாம். வயல் அவருடையதாம். அறுபது வயது, வெயிலில் வெந்த முகம், ஓட்டைத் தொப்பி. மனைவி அவரிடம் நேராகப் போனாள். எங்கள் பக்கத்து ஆள் எவரும் எந்த நாட்டு விவசாயியிடமும் கேட்கக்கூடிய முதல் கேள்வியைத் தமிழிலேயே கேட்டாள்.

“ஏனுங்க, எத்தனை அடி போர்?”

நான் மொழிபெயர்த்தேன். அக்கா அதைக் கிரேக்கத்தில் மாற்றினார். அண்ணன் சிரித்து விரலை வானத்தைப் பார்த்து நீட்டினார். போரும் இல்லை, கிணறும் இல்லை, வாய்க்காலும் இல்லை. கடலிலிருந்து ஏறி வரும் பனிதான் தண்ணீர். அதை இந்தச் சாம்பல் கல் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வேர் குடித்துக்கொள்ளும்.

“மானாவாரி!” என்றேன் நான், நெஞ்சை நிமிர்த்தி.

அண்ணன் பதிலுக்கு எங்கள் ஊரைக் கேட்டார். எங்கள் தோட்டத்தில் ஆயிரம் அடிக்கு மேல் துளை போட்டும் புகைதான் வந்தது என்றேன். அக்கா அதைச் சொன்னதும் அவர் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு குழந்தையிடம் கேட்பது போல என்னிடமே கேட்டார்: “ஆயிரம்?” கையைத் தரையை நோக்கிக் காட்டினேன். “ஆயிரம்.” அவர் தங்கையைப் பார்த்தார். இந்த ஆள் கணக்கில் வீக் என்று முடிவு செய்துவிட்டார் போலிருந்தது.

நேரம் போய்க்கொண்டிருந்தது. மனைவி ஒரு கூடையின் முன் குந்தி உட்கார்ந்து, கொடியை எங்கே தொடங்கி எப்படி வளைக்கிறார்கள் என்று விரலால் தொட்டுத் தொட்டுக் கேட்டாள். அவர் தானும் குந்தி உட்கார்ந்து காட்டினார். ஒருவர் கிரேக்கத்தில் சொல்ல, ஒருவர் தமிழில் ‘ஓ, அப்படீங்களா’ என்றார். நடுவில் மொழிபெயர்க்க யாரும் தேவைப்படவில்லை. நான் அவர்களைச் சுற்றி நடந்தேன். ஒரு தடவை தொண்டையைச் செருமினேன். இரண்டாம் தடவை செருமியபோது அண்ணன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

பன்னிரண்டேகாலுக்கு ஒருவழியாக எழுந்தார்கள். அக்கா வேனைத் திருப்பப் போனார். அண்ணன் பின்னால் இருந்த வெள்ளை வீட்டைக் காட்டி, கையை வாய்க்குக் கொண்டுபோய் ஜாடை காட்டினார். மனைவி நம் முறைப்படி “வேண்டாமுங்க, இப்பத்தான் சாப்பிட்டோம்,” என்று கைகூப்பி, “போயிட்டு வாரமுங்க,” என்றாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் மொழிபெயர்ப்பாளன் என்கிற பொறுப்பு ஒன்று இருக்கிறதே. “வீ கோ அண்ட் கம்,” என்றேன்.

அண்ணனின் முகம் மலர்ந்தது. அவருக்கும் நாலைந்து ஆங்கில வார்த்தை தெரிந்திருந்தது. “வாட் டைம்?” என்றார்.

என்னிடம் யாராவது ‘வாட் டைம்’ என்று கேட்டால் அது எனக்குத் தேன். நீலக் கோபுர ஊரைப் பார்த்து முடிப்பது எத்தனை மணிக்கு என்று கேட்கிறார் என எடுத்துக்கொண்டேன். “டூ ஓ கிளாக்,” என்றேன். “ஷார்ப்!”

“டூ!” என்று அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் கடிகாரம் முழங்கைக்கு ஏறியது. கிரேக்கர்கள் எவ்வளவு அன்பானவர்கள் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே வேனில் ஏறினேன்.

நீலக் கோபுர ஊரின் பெயர் ஓயா. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கோவைப் பெரிய கடைவீதியில் நீங்கள் நடந்திருந்தால் ஓயாவிலும் நடந்ததாகவே அர்த்தம். ஒரே வித்தியாசம், இங்கே எல்லோரும் ஒரே இடத்தில் நின்று ஒரே கோபுரத்தைப் போட்டோ எடுக்க வரிசையில் நின்றார்கள். எங்கள் முறை வந்தபோது நான் கோபுரத்துக்கு முதுகைக் காட்டி நின்று கடலில் கப்பலைப் பார்த்தேன். இன்றைக்கும் அந்தப் படத்தில் மனைவி சிரிக்கிறாள். பக்கத்தில் ஒரு பிடரி இருக்கிறது.

ஒன்றே முக்காலுக்கு வேனுக்குத் திரும்பினோம். கணக்குப்படி எல்லாம் அருமை. இரண்டரைக்கு ரோப் கார், மூன்றுக்குப் படகு, மூன்றேகாலுக்குக் கப்பலில் டீ. அப்போது அக்காவின் செல்போன் அடித்தது. பேசினார், நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

“அண்ணன் கேட்கிறான், கிளம்பிவிட்டீர்களா என்று.”

“எங்கேங்க?”

“சாப்பாட்டுக்கு. இரண்டு மணிக்கு வருகிறோம் என்று நீங்கள் சொன்னீர்களாமே. அடுப்பைப் பற்றவைத்துவிட்டானாம்.”

எனக்கு அந்தக் கறுப்புத் திட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டது போலிருந்தது. அக்காவின் பக்கம் திரும்பி மூச்சு விடாமல் விளக்கினேன். எங்கள் ஊரில் கிளம்பும்போது போகிறேன் என்று சொல்லமாட்டோம், அது அமங்கலம், அதனால் வருகிறேன் என்போம், அதற்கு வருகிறோம் என்று அர்த்தமில்லை.

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். “அதாவது, போகும்போது வருகிறேன் என்பீர்கள்?”

“ஆமாங்க.”

“பிறகு வருவீர்களா?”

“அது வந்துங்க… பெரும்பாலும் இல்லீங்க.”

“அப்படியென்றால் அவர்கள் எத்தனை மணிக்கு என்று கேட்கமாட்டார்களா?”

நியாயமான கேள்வி. நாற்பத்தொன்பது வருடத்தில் இதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் பாதி ஊரில் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

அக்கா சிரித்தார். சிரித்து முடித்த பிறகு ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே சொன்னார். “போன வருடம் அண்ணி இறந்துபோனாள். அதற்குப் பிறகு அவன் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. நின்றுகொண்டே ஏதாவது தின்பான். இன்றைக்கு மேசைத்துணி எங்கே இருக்கிறது என்று என்னிடம் போனில் கேட்கிறான்.” பிறகு சட்டென்று, “பரவாயில்லை, நான் சொல்லிக்கொள்கிறேன். கப்பல் முக்கியம்,” என்றார்.

நான் பாவிதான். ‘ஆமாம், கப்பல் முக்கியம்’ என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

“மாமா,” என்றாள் மனைவி. என்னை ‘ஏனுங்க’ என்று கூப்பிட்டால் சாதாரண விஷயம். ‘மாமா’ என்று கூப்பிட்டால் மேல்முறையீடு கிடையாது. “அக்கா என்ன சொல்றாங்க?”

சொன்னேன். அண்ணி விஷயத்தை விட்டுவிட்டுச் சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். அதையும் சொன்னேன்.

“அடுப்பு பத்தவெச்சுப்போட்டு ஒருத்தர் வாசல்ல நின்னுட்டு இருக்காரு. நாம கப்பலுக்கு ஓடறதா?”

“அம்மணி, நாலரைக்குக் கடைசிப் படகு! அந்த வயல் தீவோட மறுகோடில இருக்குது. ரோப் காருக்கு ஒரு மணி நேரம் வரிசை நிக்கும். கப்பல் போயிட்டா நம்ம பெட்டி, மருந்து, உன்ற பட்டுச்சேலை எல்லாம் அடுத்த தீவுக்குப் போயிரும்!”

“சேலை வந்து சேரும். வாரோம்னு சொன்னது ஆரு?”

“நீதான!”

“நான் தமிழ்ல சொன்னேன். எத்தனை மணிக்குன்னு இங்கிலீஷ்ல சொன்னது ஆருங்க? அதுல ஷார்ப்பு வேற.”

அக்காவுக்கு இதில் ஒரு சொல்கூடப் புரிந்திருக்காது. ஆனாலும் வேனை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பது புரிந்துவிட்டது.

இரண்டரைக்கு அந்த வெள்ளை வீட்டுக்கு முன்னால் இறங்கினோம். அரை மணி தாமதம். வாழ்க்கையில் முதன்முறையாக நான் ஓரிடத்துக்குத் தாமதமாகப் போனேன். அதுவும் வரப்போவதில்லை என்று நினைத்திருந்த இடத்துக்கு. அண்ணன் வாசலில் சட்டை மாற்றிக்கொண்டு, தலையைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு நின்றிருந்தார். மேசையில் மடிப்புக் கலையாத நீலக்கட்டம் போட்ட துணி.

எனக்குப் பயம் வந்தால் பசிக்கும். தக்காளியைப் பொடியாக நறுக்கி மாவில் பிசைந்து பொரித்த வடை ஒன்று இருந்தது, ஆறு தின்றேன். நாற்காலியின் நுனியில், ஓட்டப் பந்தயத்துக்கு நிற்பவன் மாதிரி ஒரு காலை வாசல் பக்கம் நீட்டியபடி தின்றேன். அடுத்து ஒரு கிண்ணத்தில் மஞ்சளாகக் குழைந்த ஒன்று வந்தது. மேலே எண்ணெய், பச்சை வெங்காயம். மனைவி ஒரு வாய் வைத்துவிட்டுக் கண்ணை அகல விரித்தாள்.

“பருப்புங்க! நம்ம பருப்பேதான். தாளிக்க மட்டும் மறந்துபோட்டாங்க.”

இதை மொழிபெயர்க்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அவள் அதற்குள் அடுப்படிக்குள் போய்விட்டாள். பூண்டு தட்டும் சத்தம் கேட்டது. எண்ணெய் காயும் சத்தம் கேட்டது. மணி இரண்டு ஐம்பது. “அம்மணி!” என்று கூவினேன். “வாரேன், வாரேன்,” என்று பதில் வந்தது. அந்தச் சொல்லைக் கேட்டதும் அண்ணன் பதறி வாசலைத்தான் பார்த்தார், அவள் கிளம்பிவிட்டாள் என்று. ‘வாரேன்’ என்றால் போகிறேன் என்று அர்த்தம் என அக்கா நாங்கள் வரும் வழியிலேயே அவருக்குப் போனில் பாடம் எடுத்திருக்கிறார்!

தாளித்த பருப்பை அவர் ரொட்டியில் தொட்டு ஒரு வாய் சாப்பிட்டார். எழுந்துபோய் இன்னும் ரொட்டி எடுத்து வந்தார். உட்கார்ந்தார். அதன் பிறகு அவர் எழுந்திருக்கவில்லை. கிண்ணம் காலியாகும்வரை அந்த மேசையிலேயே உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியின் முதுகில் கையைப் போட்டுக்கொண்டு, நிதானமாகச் சாப்பிட்டார். அதை அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். நான் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தேன், செல்போனைப் பார்த்தேன், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தேன். அதற்கு இடையில் கிடைத்த நேரத்தில்தான் அவரையும் பார்த்தேன். பார்த்த பிறகு ஏனோ நாற்காலியில் சற்று உள்தள்ளி உட்கார்ந்தேன். இரண்டு நிமிடம்தான். பிறகு மறுபடி நுனிக்கு வந்துவிட்டேன்.

மூன்று இருபதுக்கு எழுந்தோம். வாசலில் வந்ததும் மனைவி கைகூப்பினாள். நான் பாய்ந்து குறுக்கே நின்றேன்.

“வாயைத் தொறக்காத! இந்தவாட்டி நான் சொல்றேன்.” அவர் பக்கம் திரும்பித் தெளிவாக, “வீ…” என்று ஆரம்பித்தேன். “வீ கோ” என்று முடிக்க வேண்டும். அவ்வளவுதான், இரண்டு சொல். நாக்கு எழும்பவில்லை. ஒரு வருடம் முன்னால் சாவு விழுந்த வீட்டு வாசலில் நின்று, வயிறு நிறையத் தின்றுவிட்டு, போகிறேன் என்று எப்படிச் சொல்வது? மனைவி இடுப்பில் கிள்ளினாள். கிள்ளாமல் இருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன்.

“…கோ அண்ட் கம்,” என்றேன் பரிதாபமாக.

அண்ணன் தங்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு கேட்டார். “வாட் டைம்?”

அக்கா வேனின் மேல் சாய்ந்து சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மணி மூன்று இருபத்திரண்டு.

ரோப் கார் வாசலில் வரிசை தெருவைத் தாண்டி, ஒரு நகைக்கடையைச் சுற்றி, இன்னொரு தெருவுக்குள் போயிருந்தது. நாலைந்து கப்பல் ஆட்களும் ஒரே நேரத்தில் இறங்குகிறார்களாம். மணி மூன்று நாற்பத்தைந்து. முன்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்து, “எக்ஸ்கியூஸ் மீங்க, கப்பலுங்க, ஷிப்புங்க, லாஸ்ட் போட்டுங்க!” என்று இரண்டு மொழியிலும் கெஞ்சினேன். யாரும் நகரவில்லை. ஒருவர் மட்டும், நானும் அதே கப்பல்தான், பேசாமல் நில் என்றார். நிற்க முடிந்தால் நான் ஏன் நானாக இருக்கப்போகிறேன்?

“படி இருக்குதுங்களே,” என்றாள் மனைவி.

பாறைச் சுவரில் வளைந்து வளைந்து ஐந்நூற்றுச் சொச்சம் படி. கூழாங்கல் பதித்தது, வழுக்குவது, போதாக்குறைக்குக் கோவேறு கழுதைகள் மேலும் கீழுமாகப் போகிற பாதை. கழுதைகள் தங்கள் வேலையை அங்கங்கே செய்து வைத்திருந்தன. மனைவி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தாள். வருடம் தவறாமல் பழனிப் படி ஏறி இறங்குகிற கால். “வெசையா வாங்க!” என்றாள், போய்விட்டாள். நான் சுவரை ஒரு கையாலும் பாஸ்போர்ட்டை மறு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்கினேன். பாதியில் ஒரு கழுதை குறுக்கே நின்று என்னைப் பார்த்தது. நான் மரியாதையாக, “சித்த வழி விடுங்க,” என்றேன். விட்டது. அன்றைக்கு என் பேச்சைத் தப்பாகப் புரிந்துகொள்ளாத ஒரே ஜீவன் அதுதான்.

கீழே வந்தபோது நாலு இருபது. படகுத்துறையில் முன்னூறு பேர் நின்றிருந்தார்கள். சீருடை போட்ட கப்பல்காரர் ஒருவர் எலுமிச்சைச் சாறு ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“கடைசிப் படகு?” என்றேன், மூச்சு வாங்க.

“நாலரைதான் சார். ஆனால் வரிசை இருக்கும்வரை படகு ஓடும். இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும்.” என்னுடைய செருப்பைப் பார்த்து, சற்றுத் தள்ளி நிற்கச் சொன்னார்.

மனைவி எலுமிச்சைச் சாற்றை மெதுவாக உறிஞ்சிக் குடித்தாள். குடித்து முடித்துவிட்டு, “இன்னும் ஒரு வாய் பருப்பு சாப்பிட்டிருக்கலாமுங்க,” என்றாள்.

ஊருக்கு வந்தபின் நான்கைந்து மாதம் அக்காவும் மனைவியும் செல்போனில் படம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கூடைக்குள் பழுத்த திராட்சை வந்தது. மனைவி ஊர் வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்ட படம் போனது. போன மாதம் அக்கா அனுப்பியதில் எழுத்து இருந்தது. குளிர்காலத்தில் தீவில் சுற்றுலா கிடையாது, கடைகள் எல்லாம் மூடிவிடும், அண்ணன் அந்த ஆயிரம் அடிக் கிணற்றைத் தன் கண்ணால் பார்க்காமல் நம்பமாட்டானாம், கடுகு என்றால் என்ன என்றும் தெரிய வேண்டுமாம். கடைசி வரியில்: ‘வீ கம்.’

மனைவி செல்போனை என்னிடம் நீட்டினாள். அது அவர்கள் ஊர் வாரோமா, நம் ஊர் வாரோமா என்று எனக்குச் சந்தேகம். நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அழுத்தி, பதில் அனுப்பினேன்.

‘வாட் டைம்?’

விமான டிக்கெட்டின் படமே வந்துவிட்டது. அடுத்த வியாழக்கிழமை, மாலை ஆறு மணிக்குக் கோவையில் இறங்குகிறார்கள். சிங்காநல்லூரிலிருந்து ஏர்போர்ட் இருபது நிமிடம். மனைவி ஐந்தரைக்குக் கிளம்பினால் போதும் என்கிறாள். நான் காலையில் டிபன் சாப்பிட்டதும் கிளம்பிவிடுவதாக இருக்கிறேன்.